வீடும் விதியும்: கூரையைக் காத்து, குடியிருந்தவரை இழப்பதா?

பழைய வீடுகளைக் காக்கும் சட்டத்துக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் நினைவுச்சின்னங்களுக்கு உண்டு. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபை, தன் ஆட்புலத்தில் எத்தனை மாடி கட்டலாம், வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று விதிக்கலாம். இல்லாதது, அந்த விதிக்குப் பணியும் வீட்டுக்காரருக்கான உதவி. அது இல்லாவிட்டால் வீடு நிற்கும், குடும்பம் போய்விடும் என்பதே என் வாதம்.

காலிக் கோட்டையைப் பாருங்கள். 1988இல் அது உலக மரபுரிமைத் தலமானது. 1994இல் அதற்கென்றே காலி மரபுரிமை மன்றம் சட்டத்தால் அமைந்தது. ஓட்டுக்கூரையை மாற்றாதே, முன்விறாந்தையை அடைக்காதே, உயரத்தைக் கூட்டாதே என்பன அங்குள்ள விதிகளின் சாரம். நியாயமான விதிகள்தான். ஆனால் பழைய மரத்துக்கும் ஓட்டுக்கும், அவற்றைக் கையாளத் தெரிந்த பாஸுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் தகரமும் சிமெந்தும் மலிவு. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு, செப்பனிடுவதைவிட விற்பதே இலாபமாகப் பட்டது. 2004இல் வெளிநாட்டவர் வாங்கும் காணிக்கு அதன் பெறுமதிக்குச் சமமான வரி வந்தது. 2014இல் அவர்களுக்குக் காணி விற்பதற்கே சட்டத் தடை வந்தது. அதற்குள் பல வீடுகள் சொகுசு விடுதிகளாகிவிட்டன. ஒல்லாந்து அரசின் உதவியில் சில தனியார் வீடுகள் செப்பனிடப்பட்டன. அது ஒரு திட்டம், நிலையான ஏற்பாடு அல்ல.

விரும்பி விற்றவர்களுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும் என்று கேட்கலாம். சுற்றுலாவும் போரின் முடிவும் விலையை ஏற்றியது உண்மை; விதி மட்டுமே குற்றவாளி அல்ல. ஆயினும், ஒரு பக்கம் செலவையும் மறுபக்கம் விலையையும் வைத்துவிட்டு, அதைச் சுதந்திரமான தெரிவு என்பது சற்றுக் கூடுதலான பெருந்தன்மை. பொதுப்பணத்தைத் தனியார் சுவரில் பூசுவதா என்பது இன்னும் கனமான கேள்வி. அந்த முகப்பை ஊர் முழுவதும் அனுபவிக்கிறது, வருமானமும் ஊருக்கு வருகிறது. செலவில் ஒரு பங்கை ஊர் ஏற்பது கடன் தீர்ப்பதே. புதுச்சேரி வைசியாள் தெருவில் ஐரோப்பிய உதவியும் வீட்டுக்காரர் பங்கும் சேர்ந்து முகப்புகளை மீட்டன. 2008இல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

இது காலிக்கும் புதுச்சேரிக்கும் மட்டுமான கேள்வி அல்ல, நம் பலாபத்வலக்கும் உரியது. திரிபிடகம் எழுத்தில் ஏறிய அலுவிகாரை, மாத்தளையிலிருந்து இங்கே வரும் ஏ-9 வீதியில்தான் இருக்கிறது. நாளை இந்த வீதியோர வீடுகளுக்கும் பாதுகாப்பு வலய வரைவு ஒன்று வரலாம். அதில் தடைகளை மட்டும் படிக்காதீர்கள். பழுதுபார்க்கும் நிதியும் வரிச்சலுகையும் எழுதப்படாதிருந்தால், பிரதேச சபைக்கு உங்கள் ஆட்சேபனையை எழுத்தில் கொடுங்கள்.