குழு ஒன்று, ஆட்டக்காரர் எத்தனை?

குழுவாகச் சாகசம் போகும் கணினி விளையாட்டுகளின் தாய்வீடு, 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடுவது அது. 1981-இல் வந்த ‘விசார்ட்ரி’ போன்ற கணினி விளையாட்டுகளில் ஆறு பாத்திரங்களையும் ஒரே ஆள் நடத்தினார். அந்தக் குழுவை மறுபடி பலர் கையில் பிரித்துக் கொடுப்பது இன்றுவரை வடிவமைப்பாளர்களைப் படுத்தும் வேலை.

முதல் சிக்கல் நேரம். பயோவேர் நிறுவனம் உருவாக்கிய ‘பால்டர்ஸ் கேட்’டில் (1998) சண்டை ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் எல்லாம் நிற்கும். ஆறு பேருக்கும் நிதானமாகக் கட்டளை கொடுத்துவிட்டு மறுபடி தட்டலாம். தனியாக ஆடுபவருக்கு அருமையான ஏற்பாடு. அதையே ஆறு பேர் சேர்ந்து ஆடினால், ஒருவர் நிறுத்தும்போது எல்லோருக்கும் நின்றுவிடும். குழு முழுவதும் ஓரிடத்தில் கூடாமல் அடுத்த பகுதிக்குப் போக முடியாது. ஒருவர் கடையில் அம்பு வாங்கிக்கொண்டிருந்தால் மற்ற ஐவரும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். யார் நிறுத்தலாம், யார் பேசலாம், யார் வாங்கலாம் என்று ஆட்டத்தை நடத்துபவர் தனித்தனியே அனுமதி கொடுக்கலாம். ஆனால் அது ஒட்டுப்போட்ட தீர்வுதான்.

அடுத்தது கதை. 1999-இல் வந்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ ஒருவர் மட்டுமே ஆடக்கூடியது. நினைவிழந்த, செத்தாலும் எழுந்துவிடும் ஒருவனின் கடந்தகாலம்தான் அதன் கதை. கூட வரும் டாக்கோன், நாயகனே மறந்துபோன பழைய வாக்கு ஒன்றுக்குக் கட்டுப்பட்டவன். அந்த உறவின் கனம், டாக்கோனை இன்னொரு நண்பர் நடத்தினால் அப்படியே கரைந்துபோகும். நண்பர் தன் விருப்பப்படிதான் பேசுவார். மாறாக, 2002-இன் ‘நெவர்விண்டர் நைட்ஸ்’ பலர் கூடி ஆடுவதையே மையமாக வைத்தது. ஆட்டக்காரர்களே உலகங்களை உருவாக்கக் கருவி கொடுத்தது. அதற்கு விலையாக, தனியாக ஆடியவருக்குக் கிடைத்தது கூலிக்கு வரும் ஒரே ஒரு துணை.

இந்த முடிச்சை நன்றாக அவிழ்த்தது பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம். ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின்’ (2014) விளையாட்டில் நாயகர்கள் இருவர். பிடிபட்ட திருடனை விடுவதா, காவலரிடம் ஒப்படைப்பதா என்பது போன்ற இடங்களில் இருவரும் தங்களுக்குள் வாதிடலாம். உடன்பாடு இல்லையென்றால் கல்–காகிதம்–கத்தரிக்கோல் ஆடித் தீர்க்க வேண்டும். கருத்து வேறுபாட்டை இடைஞ்சலாகப் பார்க்காமல் ஆட்டமாகவே ஆக்கியது பெரிய துணிச்சல். சண்டை முறைவைத்து நடப்பதால், யாரும் யாரையும் நிறுத்த வேண்டிய அவசியமே எழவில்லை.

அதே நிறுவனத்தின் ‘பால்டர்ஸ் கேட் 3’ (2023) நான்கு பேர் வரை ஆடக்கூடியது. ஒருவர் சண்டையில் சிக்கியிருக்கும்போதே தொலைவில் உள்ள இன்னொருவர் ஊரைச் சுற்றலாம்; ஒருவர் பேசுவதை மற்றவர்கள் கூடவே கேட்கலாம். ஆனால் ஒரு கணக்கு மாறவில்லை: குழுவில் இடம் நான்குதான். நால்வரும் சொந்தமாகப் பாத்திரம் படைத்துக்கொண்டால், அஸ்டாரியன், ஷேடோஹார்ட் போன்ற, பார்த்துப் பார்த்து எழுதப்பட்ட துணைவர்களுக்குக் குழுவில் இடமிருக்காது. முதன்முறை ஆடுபவர் தனியாகவோ, ஒரே ஒரு நண்பரோடோ தொடங்குவதே நல்லது. அப்போது அந்தத் துணைவர்களுக்கு இரண்டு இடமாவது மிஞ்சும்.