அலையில்லாத கடலில் விழுந்த குண்டு!

பைக்காரா ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றிலும் காட்டு மேடுகள். நடுவே அமைதியான நீர். இலங்கையின் திருகோணமலைத் துறைமுகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஆனால் அது கடல்! பெரிய யுத்தக் கப்பலும் உள்ளே வந்து நிற்கும் ஆழம் அதற்கு உண்டு.

1795-ல் டச்சுக்காரரிடமிருந்து இதைப் பிடித்தவர்கள் பிரிட்டிஷார். பிற்காலத்தில், தங்கள் கடற்படைக்கு எண்ணெய் சேர்த்து வைக்க, காட்டுக்குள் ராட்சத இரும்புத் தொட்டிகளைக் கட்டினார்கள். ஒன்றில் சுமார் 12,000 டன் பிடிக்கும்!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த குறி இலங்கை.

ஏப்ரல் 8-ந் தேதி, ஜப்பானியர் வருகிறார்கள் என்ற தகவல் எட்டியது. துறைமுகத்தில் நின்றால் ஆபத்து என்று, "ஹெர்மிஸ்" என்ற விமானந்தாங்கிக் கப்பலை இரவோடு இரவாக வெளியே அனுப்பினார்கள்.

மறுநாள் காலை துறைமுகத்தில் குண்டுமாரி! விலகிப் போன ஹெர்மிஸாவது பிழைத்ததா? அதுவும் இல்லை. மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய விமானங்கள் அதைக் கண்டுகொண்டன. பெயர்தான் விமானந்தாங்கி, அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை! 300 பேருக்கு மேல் மாண்டார்கள். கடலில் தத்தளித்த சுமார் 600 பேரை "வீட்டா" என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் கரை சேர்த்தது.

1957 அக்டோபரில், பிரதமர் பண்டாரநாயகா காலத்தில், கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. எஞ்சிய 99 தொட்டிகளில் பல, வெறுமையாகக் காட்டில் கிடந்தன. 2003-க்குப் பிறகு இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனம் சிலவற்றில் பெட்ரோலும் டீசலும் நிரப்பியது. 61 தொட்டிகளை இரு நாடுகளும் சேர்ந்து சீராக்க 2022 ஜனவரியில் ஒப்பந்தம் ஆயிற்று.