கஞ்சமலை அடிவாரத்துக் கூர்மை

ஆடு மேய்க்கப் போகிறவரிடம் அந்தக் காலத்தில் கொடுவாள் இல்லாமல் இருக்காது. வேலாங்கிளையில் கயிறு சுற்றி, கழுத்து இறுகித் தவிக்கும் ஆட்டைக் காப்பாற்ற ஒரு வெட்டுக்குத்தான் நேரமிருக்கும். அதனால் சாயங்காலம் வீடு வந்ததும் கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டிவிட்டுத்தான் மறுவேலை.

அந்தக் கூர்மைக்கு வேர் கஞ்சமலையில் இருக்கிறது. அங்கே கிடைப்பது காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது. சேலம் சீமைக் கொல்லர்கள் இரும்புத் துண்டோடு காய்ந்த ஆவாரங்குச்சியைச் சின்ன மண்மூசையில் போட்டு, எருக்கிலையால் மூடி, களிமண் பூசி உலையில் வைத்தார்கள். குச்சி கரியாகும், கரி இரும்புக்குள் ஏறும், உருக்கு பிறக்கும். 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் இந்த முறையை வியந்து எழுதிவைத்திருக்கிறார்.

இன்று அதே மலையடியில் சேலம் உருக்காலை நிற்கிறது. அதன் எவர்சில்வர் தகடு நம் வீட்டுப் பாத்திரமாகிறது. குரோமியமும் நிக்கலும் கலந்த அந்த வகை துருவை நன்றாகத் தாங்கும். ஆனால் காய்ச்சித் துவைச்சல் போட்டு, அதாவது சூட்டோடு முக்கிக் குளிரவைத்து, கடினப்படுத்த முடியாது; கத்தியாக்கினால் வாய் நிற்காது.

கொடுவாளுக்கு உருக்கு கொடுப்பவை லாரிகள். நாமக்கல் பக்கம் லாரிக்குப் பஞ்சமா? கழற்றிப் போட்ட ஸ்பிரிங் பட்டையை ஆசாரிகள் பழுக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, துவைச்சல் போடுகிறார்கள். துருத்தி இருந்த இடத்தில் மின்சார ஊதி. இதில் எனக்கு வருத்தமே இல்லை. பட்டையில் தேவையான கரி இருக்கிறது. அடிக்கிற கையும் தேர்ந்த கை.

வருத்தமெல்லாம் தீட்டுவதில்தான். கள் இறக்கப் பாளையை நாளுக்கு இருமுறை மெல்லிசாகச் சீவிய பனையேறிகள் கூர்மையின் நுட்பம் தெரிந்தவர்கள். 1987 கள் தடைக்குப் பின் அந்தக் கைகள் குறைந்துபோயின. இன்று மரவள்ளிக் கரணையை மழுங்கிய கத்தியால் நசுக்கி வெட்டி நடுகிறோம். நசுங்கிய முனை எளிதில் அழுகும். மழுங்கினால் கிரைண்டரில் கொடுக்கிறோம். பொறி பறக்க ஒரே மூச்சில் பிடித்தால் விளிம்பு சூடேறி நீலம் பாயும். அதோடு துவைச்சல் போயிற்று, இரண்டு நாளில் வாய் மடிந்துவிடும். அப்புறம் ஆசாரியிடம் மறுபடி துவைச்சல் போட்டால்தான் உண்டு.

ஈரக் கல்லே போதும். சமையல் கத்தியைக் கல்லோடு சுமார் 20 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். கட்டை வெட்டும் கொடுவாளுக்குச் சாய்வு இன்னும் சற்றுக் கூடலாம். ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டதும் திருப்பிப் போட்டுத் தேய்க்க வேண்டும்.