காற்றில் நிற்கும் லோரி

கம்போங் மேடான் அடுக்குமாடிப் பக்கம் விடியற்காலையில் லோரி எடுப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். இஞ்சினை முடுக்கியதும் வண்டியை நகர்த்த மாட்டார்கள். சில நிமிடம் உறுமும்; பிறகு ‘புஸ்ஸ்’ என்று ஓர் ஓசை. தூக்கம் கெட்டவர்கள் திட்டுவார்கள். டிரைவரோ காற்றுக்காகக் காத்திருக்கிறார்.

நம் மைவியில் பெடலை மிதித்தால், பிரேக் எண்ணெய் அந்த அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோகும். திரவம் எளிதில் சுருங்காது, மிதித்ததும் பிடிக்கும். எண்ணெய் கசிந்தால் பிடி தளரும். அதனால்தான் காரில் குழாய்வழி இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

பல டன் சரக்கேற்றும் லோரிக்கு வேலை செய்வது காற்று. கம்ப்ரசர் அதைத் தொட்டிகளில் ஏறக்குறைய 8 பார் அழுத்தத்தில் அடைக்கிறது. கார் டயரில் இருப்பதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். கால் மிதிப்பது ஒரு வால்வை மட்டுமே. டிரெய்லரைக் கழற்றி மாட்டினாலும் எண்ணெய் சிந்தாது.

காற்றே போய்விட்டால்? பின்சக்கரங்களில் வலுவான ஸ்பிரிங் உண்டு. அதை அடக்கி வைத்திருப்பதே காற்றுதான். அழுத்தம் மிகவும் குறைந்தால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். காலையில் காத்திருப்பதும் இதனால்தான். காற்று குறைந்தால் தானே பிடிக்கும் பிரேக்கை, ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870களிலேயே ரயிலுக்குச் செய்துவிட்டார்.

அப்படியானால் மலையிறக்கத்தில் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்கிறார்களே, எப்படி? பெரும்பாலும் சூடுதான் காரணம். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் டிரம் காய்ந்து விரிந்து, உள்ளிருக்கும் கட்டையிலிருந்து விலகும். தொட்டி நிறையக் காற்று இருக்கும், பிடிதான் இருக்காது. கட்டை தேய்ந்து, இடைவெளியும் சரிசெய்யப்படாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2013 ஆகஸ்டு 21இல் கெந்திங் மலைச்சாலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தபோது, பிரேக்கின் நிலையும் பேசப்பட்டது. இறக்கத்துக்கு முன்பே சிறிய கியருக்கு மாறி, இஞ்சினையே தடையாக்குவதுதான் வழி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் புஸ்பாகோம் சோதனை மட்டும் போதாது. டிரைவர் தினமும் பார்க்க வேண்டும். டிரிப் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்தப் பத்து நிமிடத்தை முதலாளிதான் தரவேண்டும்.

கார் ஓட்டும் இளையோருக்கும் ஒன்று. காற்று சக்கரத்தை அடைய அரை வினாடிக்குச் சற்றுக் குறைவாகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் லோரி சுமார் 9 மீட்டர் ஓடிவிடும். இரண்டு மைவி நீளம். கூட்டரசு நெடுஞ்சாலையில் லோரிக்காரர் முன்னால் விட்டுவைக்கும் இடம் அதற்கும் சேர்த்துத்தான். நாம்தான் சிக்னல்கூடப் போடாமல் அதற்குள் நுழைகிறோம்.