கண்டி மழைக்கு எந்த வரைபு?

கண்டியில் ஆண்டுக்குச் சராசரியாக 1,840 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு விதைக்கப் போகிறவரோ கூரை மாற்றப் போகிறவரோ எதையும் தீர்மானிக்க முடியாது. அவர்களுக்கு வேண்டியது மாதக் கணக்கு. 1961 முதல் 1990 வரையான சராசரிப்படி ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மூன்றும் தலா 80 மில்லிமீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஏப்ரலில் மழை 190ஐ நெருங்குகிறது. பிறகு தணிந்து, ஒக்டோபரில் 260ஐத் தாண்டி, நவம்பரில் 300ஐத் தொடப் பார்க்கிறது.

இந்தப் பன்னிரண்டு எண்களையும் எக்செலில் இட்டால் வட்டம், நிரல், கோடு, பரப்பு என்று வரைபுகள் வரிசை கட்டி நிற்கும். பலருடைய கை முதலில் போவது வட்டத்துக்குத்தான். வண்ணம் அதிகம், பார்க்க அழகு. ஆனால் பன்னிரண்டு துண்டுகளில் எது மே, எது யூன் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். மாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை என்பதும் அதில் தெரியாது. நிரல் வரைபிலோ ஏப்ரலில் ஒரு சிறு மேடும் ஒக்டோபர், நவம்பரில் ஒரு பெரு மேடும் பார்த்தவுடன் புலப்படும். இரண்டும் இடைப் பருவப்பெயர்ச்சிக் காலங்கள். பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை அது. தென்மேல் பருவப்பெயர்ச்சி மேற்குச் சரிவுகளிலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுவதால், யூன், யூலையில் கண்டியின் நிரல்கள் நடுத்தர உயரத்தோடு நின்றுவிடும்.

மென்பொருளை முழுதாக நம்பவும் கூடாது. மாதங்களைத் திகதியாக அல்லாமல் வெறும் சொற்களாகத் தட்டச்சு செய்தால், டேப்ளோ என்ற வரைபு மென்பொருள் அவற்றை அகரவரிசையில் அடுக்கிவிடும். ஏப்ரலுக்கு அடுத்து ஒக்டோபர், அதன்பின் ஓகஸ்ட்!

வெப்பநிலையில் சிக்கல் வேறு. கண்டியின் மாதச் சராசரி ஏறத்தாழ 23 பாகைக்கும் 26 பாகைக்கும் இடையிலேயே உலவுகிறது. எண்களுக்கிடையே வித்தியாசம் இவ்வளவு சிறிதாக இருந்தால், எக்செல் தானாகவே அச்சைச் சுழியத்துக்கு மேலிருந்து தொடங்கிவிடும். அப்போது ஏப்ரல் நிரல் ஜனவரியைப்போலப் பல மடங்கு உயர்ந்து நின்று பயமுறுத்தும். நிரலின் உயரம்தான் அளவு. ஆகவே அதன் அச்சு சுழியத்தில் தொடங்கியாக வேண்டும். கோட்டு வரைபுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே கண் தேடுவது ஏற்ற இறக்கத்தை.

வட்டத்தை அடியோடு ஒதுக்கவும் வேண்டியதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் கண்டி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 13.75 இலட்சம். அதில் முக்கால்வாசிப் பேர் சிங்களவர் என்பதை வட்டம் நொடியில் காட்டிவிடும். ஆனால் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் 5, 6 சதவீதத்தை ஒட்டியவர்கள். இவ்விரு துண்டுகளில் எது பெரிது என்பதைக் கண்ணால் சொல்வது கடினம். கோணத்தைவிட, பொது அச்சின் மீதுள்ள இடத்தையே மனிதர் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள் என்று புள்ளியியலாளர்களான கிளீவ்லாந்தும் மெக்கில்லும் 1984இல் சோதனைகளால் காட்டினார்கள்.

கோட்டு வரைபுக்குக் கண்டி மலைகளைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. 1786இலேயே ஸ்கொட்லாந்துப் பொறியாளர் வில்லியம் பிளேஃபெயர் இங்கிலாந்தின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் இரு கோடுகளாக வரைந்தார். அதே முறையில் கோப்பிக்கும் தேயிலைக்கும் கோடு போடலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தென்பட்டது. 1888அளவில் இலங்கை முழுவதிலும் தேயிலையின் பரப்பு கோப்பியை மிஞ்சியது. இரு கோடுகளும் வெட்டிக்கொள்வது அங்கேதான். 1899இல் தேயிலை ஏறத்தாழ நான்கு இலட்சம் ஏக்கர். இதையே பத்துப் பதினைந்து வட்டங்களாக வரைந்தால் அந்த வெட்டுப்புள்ளி யார் கண்ணிலும் படாது.

இலங்கையில் எழுத்துருவும் ஒரு தொல்லை. பாமினியில் தட்டிய தலைப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். பாடசாலைச் செயற்றிட்டமோ பிரதேச செயலக அறிக்கையோ, வரைபை அனுப்பும் முன் தலைப்பையும் அச்சுப் பெயர்களையும் யுனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள். மில்லிமீற்றரா, ஏக்கரா என்று அலகையும் எழுதிவிடுங்கள்.