கத்தரிக்குத் தெளித்த மருந்து யார் வயிற்றுக்குப் போகிறது?

"ஐயா, மத்தியானத்துலேருந்து தலை சுத்துது. வாயெல்லாம் எச்சில் ஊறுது. பித்தமாத்தான் இருக்கும், ஒரு சூரணம் குடுங்க."

கள்ளக்குறிச்சியில் என் வைத்தியசாலைக்கு வந்த ஒரு குடும்பத் தலைவி இப்படித்தான் ஆரம்பித்தார். நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். சில்லென்று வியர்த்திருந்தது. கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தது.

"ஏம்மா, இன்னிக்குப் பூச்சி மருந்து ஏதாவது தொட்டீங்களா?"

"ஆமாங்கய்யா. தோட்டத்துக் கத்தரியில புழு. கொழுந்தனார் வயலுக்கு வாங்கினதுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. கையாலயே கலக்கித் தெளிச்சேன்."

நான் சூரணம் கொடுக்கவில்லை. சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவி, சேலையை மாற்றச் சொல்லி, உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். சித்த வைத்தியத்தில் நஞ்சு மருத்துவம் எங்களுக்குத் தனிப் பாடம். ஆனால் இந்த நஞ்சுக்கு ஊசி மருந்தும் ஆக்ஸிஜனும் உள்ள இடம்தான் சரி. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அந்த மிச்ச மருந்து இருந்தது குளிர்பானப் பாட்டிலில், சமையலறை அலமாரியில்! வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை வேறு.

2013-ல் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தது நினைவிருக்கிறதா? சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து. காய்கறிப் பயிருக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. செடிக்குள் ஊடுருவிப் பாயும் ரகம் அது. காயை எத்தனை முறை கழுவினாலும் உள்ளே போனது வெளியே வராது.

பூச்சியெல்லாம் எதிரி இல்லை

கல்வராயன் மலைப் பக்கம் மரவள்ளி முக்கியமான பயிர். 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, பிறகு தமிழ்நாட்டு வயல்களையும் பிடித்துக்கொண்டது. அதற்கு விடை என்ன தெரியுமா? ஒரு குட்டிக் குளவி! ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். பொரிக்கிற புழு உள்ளிருந்தே மாவுப்பூச்சியைத் தின்று தீர்க்கும். 1980-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியைக் காப்பாற்றியதும் இதே குளவிதான்.

உங்கள் தோட்டத்திலும் இப்படிப்பட்ட காவல்காரர்கள் உண்டு. பளபளப்பான பொறிவண்டு அசுவினியைத் தின்னும், அதை விட்டுவிடுங்கள். மங்கலான நிறத்தில், முதுகு முழுக்கப் புள்ளியோடு, கத்தரி இலையைச் சல்லடையாக அரிப்பது வேறு வண்டு. அதைப் பிடித்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கடும் மருந்து அடித்தால் காவல்காரனும் சேர்ந்து சாவான்!

வீட்டில் என்ன செய்யலாம்?

கத்தரி: நுனிக் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். குருத்தையும் ஓட்டை விழுந்த காயையும் வாரம் தவறாமல் கிள்ளி அழித்துவிடுங்கள். செடியடியில் போடாதீர்கள்.

வெண்டை: இலை நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். மஞ்சள் நிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும்.

அவரை: கொழுந்தில் அசுவினி மொய்த்தால், முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பாதி உதிர்ந்துவிடும்.

வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். மறுநாள் பிழிந்து வடிகட்டி, சிறிது காதி சோப்பைக் கரைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். பூச்சி உடனே செத்து விழாது. இலையைத் தின்னப் பிடிக்காமல், தோலுரித்து வளர முடியாமல் ஒடுங்கும். வாரம் ஒருமுறை தெளித்து வாருங்கள், பொறுமை வேண்டும்.

மூலிகைக்கும் எச்சரிக்கை!

மூலிகைதானே என்று அலட்சியம் கூடாது. இதைச் சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். புகையிலைக் கஷாயம் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் நஞ்சு. வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம். செடிக்கு வாங்கிய வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்குப் புகட்டாதீர்கள், வலிப்பு வரலாம்.

யாராவது பூச்சி மருந்தை விழுங்கிவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்கு போன் செய்யுங்கள். மருந்துப் பாட்டிலையும் கூடவே எடுத்துப் போங்கள்.

போன வாரம் அந்த அம்மா ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்தார். "ரெண்டு மூணு காயில சொத்தை இருக்குங்கய்யா. வீட்டுல பார்த்து அரிஞ்சுக்கச் சொல்லுங்க."

சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். சொத்தையை அரிந்து எறிந்துவிடலாம். நஞ்சை எப்படி அரிவது?