நீரடிமுத்து எண்ணெயும் நெசவாளர் விரலும்

சின்னாளப்பட்டிக்கு நாம் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லுங்கால், வேளைக்கொரு வைத்திய விசாரணையும் நம்மிடம் வந்து சேரும். வித்துக்களில் ஆட்டிய எண்ணெய் நோய்க் கிருமிகளைக் கொல்லுமா என்பது அவற்றுள் ஒன்று. வேப்பங்கொட்டை வாசலிலேயே உதிர்ந்து கிடக்க, மருந்துக்கு அலைவானேன் என்பது அங்கத்தினர் எண்ணம்.

வித்தெண்ணெய்க்கு அச்சக்தி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் நீரடிமுத்து இதற்குச் சான்றாகும். நம் நாட்டு வைத்தியர் அதன் எண்ணெயை நெடுங்காலமாகத் தொழுநோய்க்கு வழங்கி வந்தனர். கடலை எண்ணெயிலுள்ள அமிலங்கள் நீண்ட சங்கிலி போன்றவை. நீரடிமுத்தின் அமிலங்களிலோ சங்கிலியின் முனையில் ஐந்து கார்பன் அணுக்களாலான வளையம் ஒன்று உண்டு. தொழுநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த கிருமிகள் வளர்வதை இவ்வமிலங்கள் தடுப்பது சோதனைச் சாலையில் மெய்ப்பிக்கப்பட்டது.

ஆயினும் சோதனைச் சாலை வேறு, நோயாளியின் உடல் வேறு. எண்ணெயை உட்கொண்டால் குமட்டும். ஊசி வழியே செலுத்தினாலோ தோலடியில் கட்டியாக நின்றுவிடும். ஹவாய்த் தீவில் ஆலிஸ் பால் என்னும் இளம்பெண் 1915-ஆம் ஆண்டையொட்டி அதனை உடல் ஏற்கும் வடிவிற்கு மாற்றினார். மறு ஆண்டே, 24 வயதில், அவர் காலமானது வருந்தத்தக்கது. அவ்வூசி பல நாடுகளில் வழங்கியும் நோய் பலருக்குத் திரும்பியது. 1940-களில் நம் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் டாப்சோன் மருந்து பரிசோதிக்கப்பட்டது. எண்ணெயின் காலமும் முடிவுற்றது. கிருமி டாப்சோனுக்கும் பழகிவிடவே, 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

நெசவாளருக்கு இதில் தனிக் கவலை உண்டு. தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றி, அவ்விடம் மரத்துப்போனால், வலியில்லையே என்று வேப்பெண்ணெய் தடவிக் காலங்கழிப்போர் இன்றும் உளர். கிருமி இருப்பதோ நரம்பினுள்; மேலே தடவும் எண்ணெய் அங்கே எட்டாது. நரம்பு கெட்டால் விரல் மரக்கும், மடங்கும். அறுந்த இழையைத் தடவிக் கண்டு முடிவதெங்ஙனம்? 6 அல்லது 12 மாத மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். உண்ணத் தொடங்கிய சின்னாட்களில் பிறருக்குத் தொற்றும் அச்சம் நீங்கும்; தறியை விட்டு விலக வேண்டியதில்லை, விலக்குவதும் தகாது.

ஐயமுள்ளோர் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டாரைப் பஞ்சுத் திரியின் நுனியால் அத்தேமலைத் தொடச் சொல்லுக. தொடுவது தெரியவில்லையேல், மறுநாட்காலையே சுகாதார நிலையம் செல்க.